பதினைந்து டாலர் அட்டை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கூடத்தில் அப்பாவின் மேசைக் கணினி, மாடியில் மகளின் மடிக்கணினி. சிதம்பரத்தில் நடந்த அத்தை மகன் கல்யாண வீடியோ எட்டு ஜிபி கனத்தில் கூடத்துக் கணினியில் உட்கார்ந்திருக்கிறது. மகளுக்கு அது வேண்டும். முதலில் பென் டிரைவைத் தேடுவார்கள். கிடைத்தாலும், நான்கு ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை வாங்க மாட்டேன் என்று அது அடம்பிடிக்கும். பழைய முறையில் ஃபார்மட் செய்த டிரைவுகளுக்கு அதுதான் எல்லை. அப்புறம் வீடியோவைத் துண்டு போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். கூடத்தில் கிளம்பிய வீடியோ எங்கோ இருக்கும் தரவு மையத்துக்குப் போய், தரம் தேய்ந்து, மாடி அறைக்கு வந்துசேரும்.

அந்த இரண்டு கணினிகளும் ஒரே வைஃபை பெட்டியோடுதான் பேசிக்கொண்டிருக்கின்றன. ஃபோல்டரை வலது கிளிக் செய்து ‘ஷேர்’ கொடுத்தால் வேலை முடிந்தது. இணையம்கூட வேண்டாம். இந்த வசதிக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பெரிய கம்பெனிகள் போட்ட பிச்சை என்றுதான் பலரும் இதை நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, ஒரு ஆராய்ச்சி மாணவர் இரண்டு கணினிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒட்டுக்கேட்டதால் வந்தது.

கம்பெனிப் பாதியை முதலில் முடித்துவிடலாம். 1983 வாக்கில் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்ற பொறியாளர் இருந்தார். அன்றைய டாஸ் கணினியில் எந்தப் புரோகிராமும் ஒரு ஃபைலைத் தொட வேண்டுமானால் டாஸிடம்தான் கேட்கும்: திற, படி, எழுது, மூடு. அந்தக் கேள்வியை வழியிலேயே மறித்து, கேபிள் வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்பி, அது சொல்லும் பதிலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் போதும். வட்டு தன் வயிற்றுக்குள் இருக்கிறதா பக்கத்து மேசையில் இருக்கிறதா என்பதே கேட்ட புரோகிராமுக்குத் தெரியாது. இந்தப் பேச்சுமுறைக்கு முதலில் தன் பெயரின் முதலெழுத்துகளையே வைத்திருந்தார். பிறகு அது எஸ்எம்பி ஆயிற்று. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து லேன் மேனேஜரில் வளர்த்து, 1992 அக்டோபரில் வெளியிட்ட வொர்க்குரூப்புக்கான விண்டோஸில் சாதாரண மேசைக் கணினிக்கும் கொண்டுவந்தது. யுனிக்ஸ் பக்கம் சன் நிறுவனம் என்எஃப்எஸ் என்ற வேறொரு முறையை வைத்திருந்தது. இரண்டு தரப்புக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

இனி அந்த மாணவர். 1991 டிசம்பர். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். டிஜிட்டல் என்ற நிறுவனம் ‘எக்ஸ்கர்ஷன்’ என்ற மென்பொருளின் சோதனைப் பிரதியை அனுப்பியிருந்தது. தன் டாஸ் கணினியில் அதை ஓட்டிப் பார்க்க ஆசை. ஓட வேண்டுமானால் அதே நிறுவனத்தின் ‘பாத்வொர்க்ஸ்’ வேண்டும். பாத்வொர்க்ஸோ டிஜிட்டல் நிறுவனத்தின் பெரிய கணினிகளோடு மட்டும்தான் பேசும். டிரிட்ஜெலின் ஃபைல்கள் எல்லாம் சன் கணினிகளில் இருந்தன. அதுவரை என்எஃப்எஸ் முறையில் அவற்றை நிம்மதியாகத் திறந்துகொண்டிருந்தார். புதியதை ஏற்றியதும் பழையது நின்றுபோயிற்று.

வேறு யாராக இருந்தாலும் எக்ஸ்கர்ஷனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இவர் பாத்வொர்க்ஸ் என்னதான் பேசுகிறது பார்ப்போம் என்று கிளம்பினார். இத்தனைக்கும் அதுவரை வலையமைப்புக்கென்று ஒரு புரோகிராம்கூட எழுதியவர் இல்லை. சாக்கெட் என்றால் என்ன என்றே தெரியாது என்று பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். சில நாளில் ஒரு சின்ன உளவுப் புரோகிராம் தயாரானது. அவர் பராமரித்துவந்த டிஜிட்டல் கணினி ஒன்று அங்கே இருந்தது. அதற்கும் தன் டாஸ் கணினிக்கும் நடுவே உளவாளியை உட்காரவைத்தார். டாஸ் பக்கம் டர்போ சியில் குட்டிக் குட்டிப் புரோகிராம்கள் எழுதினார். (நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்கள் காலம் கடந்தும் விடாமல் கட்டிக்கொண்டு அழுத அதே நீலத்திரை டர்போ சிதான்.) ஒன்று ஒரு ஃபைலைத் திறக்கும், ஒன்று படிக்கும், ஒன்று ஃபோல்டர் மாறும். ஒவ்வொன்றையும் ஓட்டிவிட்டு, கேபிளில் எந்தெந்த பைட்டுகள் போயின, எவை வந்தன என்று பார்த்தார்.

இந்த முறையைப் பின்னாளில் பிரெஞ்சு ஓட்டலை வைத்து விளக்கினார் டிரிட்ஜெல். சிதம்பரம் கீழவீதி ஓட்டலுக்கே வருவோம். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாதவர் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார். ஒருவர் ‘இட்லி’ என்கிறார், வெள்ளையாக உருண்டையாக ஒன்று வருகிறது. இன்னொருவர் ‘ரெண்டு இட்லி’ என்கிறார், அதே பொருள் இரண்டு வருகிறது. அகராதி இல்லாமலே எண்ணும் பெயரும் பிடிபட்டுவிடும். அப்புறம் தானே துணிந்து ‘ரெண்டு காபி’ என்று கேட்டுப் பார்க்கலாம். தப்பாகக் கேட்டால் சர்வர் முறைப்பார். அந்த முறைப்பும் ஒரு தகவல்தான். யாருடைய நிரலையும் திருடாமல், பூட்டை உடைக்காமல், வாசலில் நடக்கும் பேச்சை மட்டும் கேட்டு மொழியைக் கற்கும் வழி இது.

முதல் ஃபைல் திறந்தது. ஒரு வாரத்தில் சன் கணினியின் வட்டு டாஸ் கணினியில் வந்து நின்றது. எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பல இடங்களில் சர்வர் எப்போதும் சில எண்களை அனுப்பும். ஏன் என்று தெரியாது. தெரியாத எண்களை அப்படியே எழுதிவைத்துத் திருப்பி அனுப்பினார். அந்த எண்களின் அர்த்தம் தெரிய இரண்டு வருடம் ஆயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் கண்டுபிடித்தது டிஜிட்டல் நிறுவனத்தின் ரகசியமே இல்லை. பாத்வொர்க்ஸ் பேசியது ஃபைகன்பாமின் எஸ்எம்பியைத்தான். அதன் விவரங்கள் வெளியிலேயே கிடைத்துக்கொண்டிருந்தன. இவருக்கு அது தெரியாது. வெளியிடலாமா, சட்டப்படி தப்பா என்று கான்பெராவிலிருந்த டிஜிட்டல் ஊழியர் ஒருவரைக் கேட்டார். எல்லாம் ஏற்கெனவே ஆவணமாக இருக்கிறது, நீ செய்ததில் குற்றமும் இல்லை, அர்த்தமும் இல்லை என்கிற மாதிரி பதில் வந்தது. அவர் சொன்ன ஆவணங்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தால், தான் எழுதியதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. சொன்னவர் தவறாகச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். உண்மையில் அவர் பார்த்தது உறையைப் பற்றிய ஆவணம்; எழுதியிருந்ததோ உள்ளே இருக்கும் கடிதம். சரியான ஆவணம் முதல் நாளே கையில் கிடைத்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அறியாமைக்கும் சில நல்ல பலன்கள் உண்டு.

1992 ஜனவரியில் ‘சர்வர் 0.1’ வெளியானது. ஒரு மாதத்துக்குள்ளாகவே 0.5, 1.0 இரண்டும் வந்தன. அதோடு மேசைக்குப் புதிய கருவி வந்துவிட, எக்ஸ்கர்ஷன் தேவைப்படவில்லை. டிரிட்ஜெல் எல்லாவற்றையும் மறந்தார். யாராவது இதை ஏற்று நடத்துங்களேன் என்று அறிவிப்புகூடப் போட்டார். ஒருவரும் முன்வரவில்லை. 1992 நவம்பரில் தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலிருந்து டான் ஷியரர் என்பவர் மின்னஞ்சல் அனுப்பினார்: லினக்ஸ்காரர்களுக்கு உங்கள் சர்வர் வேண்டுமாம். டிரிட்ஜெல் திருப்பிக் கேட்டார்: லினக்ஸ் என்றால் என்ன?

இனிதான் வீட்டுக்கு வருகிறது கதை. 1993 இறுதி. டிரிட்ஜெல் இப்போது அந்த இலவச இயங்குதளத்துக்கு மாறிவிட்ட லினக்ஸ்காரர். பல்கலைக்கழகக் கணினி மையத்தில் ஒருவர், பழைய ஈதர்நெட் அட்டைகள் இருக்கின்றன, ஒன்று 15 டாலர், வேண்டுமா என்றார். த்ரீகாம் நிறுவனத்தின் 3சி505 ரக அட்டைகள். அதே சமயம் பார்த்து யாரோ ஒருவர் அந்த அட்டைக்கு லினக்ஸ் டிரைவர் எழுதியிருப்பதாக அறிவித்தார். டிரிட்ஜெல் இரண்டு அட்டை வாங்கினார். டிரைவரைக் கொஞ்சம் தட்டிக்கொட்டி, வீட்டில் மனைவியின் கணினியையும் தன் லினக்ஸ் கணினியையும் கேபிளால் இணைத்தார். கேபிள் போட்டாயிற்று, ஃபைல் எப்படிப் போகும்? விலைகொடுத்து வாங்கும் மென்பொருள் வீட்டில் இல்லை. மூலையில் போட்டுவைத்த சர்வர் ஞாபகம் வந்தது. மைக்ரோசாஃப்ட் இலவசமாக வைத்திருந்த ஒரு மென்பொருளை இறக்கி மனைவியின் கணினியில் போட்டுப் பார்த்தார். பாத்வொர்க்ஸுக்கு எழுதிய சர்வரோடு மைக்ரோசாஃப்டின் மென்பொருள் முதல் தடவையிலேயே பேசிவிட்டது.

அப்போதுதான் அவருக்கே விஷயம் விளங்கியது: தான் இரண்டு வருடம் முன்பு எழுதியது ஏதோ ஒரு கம்பெனியின் கொச்சைப் பேச்சு இல்லை, உலகத்து விண்டோஸ் கணினிகள் எல்லாம் பேசும் பொதுமொழி. சரியான ஆவணம் கிடைத்தது. அர்த்தம் தெரியாமல் சுமந்துவந்த எண்களை ஒவ்வொன்றாக நீக்கினார். 1993 டிசம்பர் 1 அன்று புதிய திட்டத்தை அறிவித்து, இத்தனை நாள் மின்னஞ்சல் எழுதி நச்சரித்தவர்களை எல்லாம் குழுவில் சேர்த்தார். இரண்டு மாதத்துக்குள் சுமார் 35 பதிப்புகள். ஆய்வகத்தில் பொழுதுபோக்காகத் தொடங்கியது உயிர்பிழைத்ததற்குக் காரணம், வீட்டில் இரண்டு கணினிகள் இருந்ததும் ஒன்று மனைவியுடையதாக இருந்ததும்தான்.

பெயர் வந்தது 1994-இல். அதுவரை வைத்திருந்த ‘எஸ்எம்பி சர்வர்’ என்ற பெயர் எங்களுக்குச் சொந்தம் என்று வேறொரு நிறுவனம் கடிதம் போட்டது. டிரிட்ஜெல் கணினியிலிருந்த சொற்பட்டியலில் எஸ், எம், பி மூன்றும் இதே வரிசையில் வரும் சொற்களைத் தேடச்சொன்னார். ஒரு காட்டுப் பழம், மர வியாபாரச் சொல் ஒன்று, பிரேசில் நடனமான சாம்பா என்று சில சொற்கள் வந்து விழுந்தன. நடனத்தைத் தேர்ந்தெடுத்தார். காசு அனுப்ப விரும்பியவர்களிடம் பீட்சா அனுப்பினால் போதும் என்று எழுதிவைத்திருந்தார். பலர் அனுப்பவும் செய்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். தொண்ணூறுகளின் பிற்பாதியில் நம் சிற்றூர்களில் லேன் என்பதை முதலில் பார்த்தவர்கள் டிடிபி கடைக்காரர்களும் பிரவுசிங் சென்டர்காரர்களும்தான். கல்யாணப் பத்திரிகையை ஒரு கணினியில் பேஜ்மேக்கரில் அடிப்பார்கள், பிரிண்டர் இன்னொரு கணினியில் இருக்கும். நடுவே 1.44 எம்பி ஃப்ளாப்பி ஓடியாடும். முகூர்த்த நாள் நெருக்கத்தில் ஃப்ளாப்பி கெட்டுப்போனால் வாடிக்கையாளர் போடும் சத்தம் வீதிக்குக் கேட்கும். கேபிள் போட்டு ஃபோல்டரை ஷேர் செய்த கடை அதிலிருந்து தப்பியது.

ஆனால் ஃபைலின் பெயர் மட்டும் தமிழில் இருக்க முடியாது. எழுத்துரு தமிழாகத் தெரிந்தாலும் அடியில் இருந்தது ஆங்கில எழுத்தின் எண்தான். ‘கல்யாணம்’ என்ற பெயரை ஆங்கில எழுத்தில் அடித்து, ஒன்று இரண்டு என்று எண் போட்டு வைப்பார்கள். விண்டோஸ் 2000 வந்தபோதுதான் யூனிகோடு தமிழ் விண்டோஸுக்குள் நுழைந்தது. சாம்பா அப்போது பழைய குறியீட்டு முறையில் பேசிக்கொண்டிருந்தது; அந்த முறையில் தமிழுக்கு இடமே இல்லை. 2003 செப்டம்பரில் வந்த சாம்பா 3.0 தான் யூனிகோடில் பேசத் தொடங்கியது. அதற்கப்புறம்தான் விண்டோஸில் ‘தாத்தா சதாபிஷேகம்’ என்று பெயரிட்ட ஃபோல்டர் லினக்ஸ் பெட்டியிலும் அதே பெயரில் தெரிவது சாத்தியமாயிற்று.

அங்கேயும் ஒரு கணக்கு உதைக்கும். லினக்ஸ் வட்டில் ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ‘கடலூர்’ 18 பைட், ‘சிதம்பரம்’ 27 பைட். ஆக மொத்தம் 85 குறிகளோடு நம் பெயர் நின்றுவிடும். விண்டோஸில் பந்தி பந்தியாகப் பெயர் வைத்த ஃபைலை லினக்ஸ் பெட்டிக்கு நகலெடுக்கும்போது மறுக்கிறதே என்று குழம்புகிறவர்கள், வட்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டும் முன் பெயரைச் சுருக்கிப் பாருங்கள்.

தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சிடாக் நிறுவனம் உருவாக்கியது அது. பள்ளிப் பிள்ளையின் லினக்ஸும் வீட்டுப் பழைய விண்டோஸும் ஒரே கூரையின் கீழ் வாழும் நிலை, கான்பெராவில் டிரிட்ஜெல் வீட்டில் 1993-இல் இருந்த அதே நிலை, இப்படித்தான் கடலூர் மாவட்டத்துக்கும் வந்தது. லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸை மட்டும் வைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர் என்பது வேறு விஷயம்.

இடையில் மைக்ரோசாஃப்ட் எஸ்எம்பியின் மேல் மேலும் மேலும் அடுக்குகளைக் கட்டியது. புதிய அடுக்குகளின் விவரத்தைச் சொல்லவில்லை. ஒட்டுக்கேட்டுப் பிடிப்பதற்கும் ஓர் அளவு உண்டு. சன் நிறுவனம் 1998-இல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் செய்தது. ஆணையம் 2004 மார்ச்சில் 49.7 கோடி யூரோ அபராதம் போட்டு, விவரங்களைக் கொடு என்றது. புகார் கொடுத்த சன் நிறுவனமே அந்த வருடம் மைக்ரோசாஃப்டோடு சமரசமாகி ஒதுங்கியது. பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பணம் வாங்கிக்கொண்டு விலக, சாம்பா குழுவினர் விலகவில்லை. 2007 செப்டம்பரில் நீதிமன்றமும் ஆணையத்தின் உத்தரவை உறுதி செய்தது. அதே டிசம்பரில் ஒரே தடவை 10,000 யூரோ கட்டி அந்த ஆவணங்களை அவர்கள் பெற்றார்கள். அதன் பலன்தான் 2012 டிசம்பர் 11 அன்று வெளியான சாம்பா 4.0. அதற்கு முந்தைய வருடமே மைக்ரோசாஃப்ட் ஊழியர்கள் சாம்பாவுக்கு நிரல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பகையாளி பங்காளியான கதை.

இன்று கடையில் வாங்கும் வீட்டுச் சேமிப்புப் பெட்டிகள் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது சாம்பாதான். யுஎஸ்பி துளை உள்ள வைஃபை ரூட்டர்கள் பலவற்றிலும் அதுவே. பெட்டியின் மேல் பெயர் இருக்காது.

எஸ்எம்பியின் முதல் பதிப்பு, ஓர் அலுவலகத்துக்குள் கேபிளில் இணைந்த எல்லோரும் நல்லவர்கள் என்று நம்பிய காலத்தில் பிறந்தது. அதற்கு விலை 2017 மே 12 அன்று வந்தது. வானாக்ரை என்ற பணயத் தீநிரல், எஸ்எம்பி முதல் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாக உலகம் முழுக்கப் பரவியது. பிரிட்டன் மருத்துவமனைகள் முடங்கின. நம் பக்கத்தில் ஆந்திரக் காவல்துறைக் கணினிகளும் சிக்கின. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அந்த வருடக் கடைசியிலிருந்து வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் எஸ்எம்பி முதல் பதிப்பைத் தானாக நிறுவுவதையே நிறுத்திவிட்டார்கள். பழைய ரூட்டர் ஒன்று தெரியவில்லை என்பதற்காக அதைத் திரும்ப முடுக்கிவிடச் சொல்லும் அறிவுரை இன்னமும் வாய்வழியாகச் சுற்றுகிறது. கேட்காதீர்கள். ரூட்டரை மாற்றுங்கள். யாரும் கடவுச்சொல் இல்லாமல் நுழையலாம் என்று வீட்டு ஃபோல்டரைத் திறந்துவைப்பதும் வேண்டாம். வீட்டுக்கு வரும் விருந்தாளியின் போனும் அதே வைஃபையில்தான் ஏறுகிறது.

கடைசியாக ஒன்று. சிதம்பரத்துக்காரர்களுக்கு ஒற்றைப் பிரதியின் ஆபத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தேவார ஏடுகள் தில்லைக் கோயில் அறையில் பூட்டிக்கிடந்ததையும், பாடிய மூவரே வந்தால்தான் திறப்போம் என்று தீட்சிதர்கள் சொல்ல, ராசராச சோழன் மூவர் திருமேனிகளையே எழுந்தருளச் செய்து திறக்கவைத்ததையும், உள்ளே பெரும்பகுதியைக் கரையான் தின்றிருந்ததையும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. உரிமைச் சோதனை கச்சிதமாக நடந்தது, நகல்தான் இல்லை. எஞ்சியவை எண்ணூறுக்குச் சற்றுக் குறைவான பதிகங்கள்.

ஷேர் செய்த ஃபோல்டர் நகல் ஆகாது. எல்லோரும் பார்க்கும் ஒரே பிரதி அது. ஒருவர் அழித்தால் எல்லோருக்கும் போயிற்று. நகலுக்கு வேறு கருவி வேண்டும். அதையும் டிரிட்ஜெலே 1996-இல் பால் மெக்கராஸுடன் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்: ஆர்சிங்க். மாறிய பகுதியை மட்டும் அனுப்பும், ஆகவே மெதுவான இணைப்பிலும் ஓடும். அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் அந்த வழிமுறைக்கு இடமுண்டு. கடலூர் வீட்டிலிருந்து சிதம்பரம் அக்கா வீட்டுப் பெட்டிக்கு இரவில் அதை ஓடவிடலாம். எஸ்எம்பி கதவை மட்டும் இணையத்துக்குத் திறக்காதீர்கள். அது வீட்டுக்குள் புழங்க வேண்டியது.

ஆனால் சிதம்பரம் போதாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியதும், 2015 வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் சூழ்ந்ததும் ஒரே மாவட்டத்தில்தான். ஐம்பது கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே கடற்கரையில் இருக்கும் இரண்டு ஊர்களில் இரண்டு பிரதிகள் என்பது, புயலுக்கு ஒரே பிரதிதான். இன்னொன்றைக் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருக்கும் பிள்ளை வீட்டில் வையுங்கள். மழை அக்டோபரில் தொடங்கும், செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.